எல்லாப் பொத்தான்களும்

மூன்றாம் அத்தியாயத்தில்
அவன் கதவை அறைந்து சாத்த வேண்டும்.
அப்படித்தான் திட்டம்.
மார்சிலிங்கில் பதினோராம் மாடி,
பெயர் லோகேந்திரன், வயது பதினைந்து,
கணக்கில் இருபத்தெட்டு.

அப்பா கைப்பேசியைப் பிடுங்கிச்
சுவரில் அடித்தாகிவிட்டது.
திரையின் சில்லொன்று மீன்தொட்டிக்குள் விழுந்து
மினுக்கியபடி இறங்குகிறது.
அம்மா அடுப்பை மட்டும் அணைத்தாள்.

இனி நீ, என்றேன்.

கதவைக் கொடுத்தேன். வேண்டாம் என்றான்.
கெட்ட வார்த்தை இரண்டு கொடுத்தேன்,
ஒன்று தமிழில், ஒன்று ஹொக்கியனில்.
வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினான்.
அழுகையைத் தொடக்கூட இல்லை.

செருப்பு மாட்டாமல் வெளியே போய்
கம்பிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்,
தூங்கும் நோயாளிக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல.
லிஃப்டுக்குள் நுழைந்து
ஒன்றிலிருந்து பதினான்குவரை
எல்லாப் பொத்தானையும் அழுத்தினான்.

வாசகர் வட்டத்தில் மீனலோசனி கேட்டார்:
"இதென்ன, சண்டைக்குப் பயந்து ஓடுகிறானா?
நாயகன் ஏதாவது செய்ய வேண்டாமா?"
செய்கிறானே,
மாடிக்கொரு கதவாகத் திறந்துகொண்டே போகிறானே,
என்று நான் சொல்லவில்லை.
ரயிலில் வீடு திரும்பும்போதுதான் தோன்றியது.

பத்தில் யாரோ நெத்திலி வறுக்கும் வாடை.
எட்டில் ஒரு சீனர்
தொலைபேசியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்,
கதவு மூடும்வரை இவனையே முறைத்தபடி.
ஏழில், நான் எழுதாத ஒரு மாக்சிக்
இழுவண்டிப் பையோடு ஏறினார்.
எரியும் பொத்தான்களைப் பார்த்தார்.
வெறுங்காலைப் பார்த்தார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
அவனும்தான்.
ஆறில் நின்றது.
ஐந்தில் நின்றது.
நான்கில், வண்டிச் சக்கரம் அவன் விரலில் ஏறாதபடி
கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.
கீழே இறங்கும்போது,
"சுடா மக்கான்?" என்றார்.
தலையாட்டினான்.
பொய்.

இங்கேயே நிறுத்தியிருந்தால்
எல்லாருக்கும் பிடித்திருக்கும்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தவன்
வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து,
துவாஸ் சேறு காய்ந்து உதிரும்
அப்பாவின் பூட்ஸ் இரண்டையும்
மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.
துடைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
இடது கயிற்றை வலது கயிற்றோடு முடிந்தான்.
முடிச்சின் மேல் முடிச்சு,
எச்சில் தடவி, பல்லால் இழுத்து இழுத்து,
ஏழு.

நான் தடுக்கவில்லை.
எனக்கும் ஒரு அப்பா இருந்தார்.
நான் கதவைத்தான் அறைந்தேன்.
இருபத்தாறு வருடம்,
இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாய் நின்று
அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலை ஐந்தேகால்.
வாசலில் குனிந்திருக்கிறார் மனிதர்.
விரல்நகத்தில் கிரீஸ்,
கண்ணாடி உள்ளே, மேசைமேல்.
யாரையும் கூப்பிடவில்லை.
கத்தரிக்கோல் கேட்கவில்லை.
உள்ளே தூங்குவதுபோல் கிடப்பவன்
கயிறு உரசும் சத்தத்தை வைத்து
எண்ணிக்கொண்டிருக்கிறான்.

கீழே கம்பெனி பஸ்
இரண்டாவது முறை ஹாரன் அடிக்கிறது.

நான்காவது முடிச்சில் இருக்கிறார்.