தொண்ணூற்றாறாம் கட்டை

ஓகஸ்ற் விடுதலை தொடங்கிய மறுநாள்
அப்பா மொரிஸ் மைனரின் பொனற்றைத் திறந்து
அதன் காதில் ஏதோ சொல்லுவார்.
அது நம்பாது.
குகநேசனும் நானும் பின்னால் நின்று தள்ள
உவர்மலை இறக்கத்தில் ஒருவாறு சம்மதித்து இருமும்.
அம்மா ஓடிவந்து ஏறுவா,
இடுப்பில் வாசுகி,
கையில் ஒரு தேசிக்காய், நாலு சொப்பிங் பை.
நாலும் எனக்குத்தான்.

மாத்தளையில் சின்னம்மா வீடு.
நூறு மைலும் இல்லை.
விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடப் போய்ச் சேருவோம்.
கொஞ்சத் தூரம் கார் எங்களைக் கொண்டுபோகும்,
மிச்சம் நாங்கள் நடப்போம்.
அப்பா காரோடு ஒரு வரிசை,
நாங்கள் பைகளோடு இன்னொரு வரிசை.
குகநேசனின் கிரிக்கெற் மட்டையை ஒருமுறை
நெடுநேரம் தட்டித் தட்டிக் கேட்டார்கள்.
அதற்குள் இருந்தது
அந்த வருஷம் அவன் எடுத்த ஆறு ஓட்டங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்
பயணம் போகிறார்கள் என்றிருந்தேன்:
ஏறி, இறங்கி, கைகளை விரித்து, ஏறி.

எனக்கு வேலை கட்டைகளை எழுதுவது.
முள்ளிப்பொத்தானையில் தொண்ணூற்றாறு.
அதற்குப் பிறகு எண்கள் குறைந்துகொண்டே போயின.
"எங்கேயிருந்து எண்ணுகிறார்கள், அப்பா?"
அவருக்கும் தெரியவில்லை.
"எங்கேயோ இருந்து.
நாங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கிற ஆட்கள்."
உலகம் தொடங்குகிற இடம் எங்கள் வீட்டு வாசல் இல்லை
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
கோபம் வந்தது.
கொப்பியில் எங்கள் வீட்டுக்கு நேரே
பெரிதாய் ஒரு பூச்சியம் போட்டேன்.

நான் படித்த முதல் சிங்களச் சொல் 'பஹின்ன'.
இறங்கு.
இரண்டாவது 'யன்ன'.
போ.
ஒரு நாட்டைக் கடக்க இரண்டும் போதும்.
மூன்றாவதைக் கந்தளாயில்
தயிர்ச்சட்டி விற்றவள் தந்தாள்.
பாணி ஊற்றி, என் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்து,
"ரசத?" என்றாள்.
ரசமா என்று கேட்கிறாள் போல.
"இல்லை, தயிர்" என்றேன்.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்,
அப்பா சிரித்தார்,
என்ன என்று தெரியாமலே அம்மாவும் சிரித்தா,
ருசிக்கிறதா என்று கேட்ட ஒரு சொல்லுக்காக.
முதல் இரண்டு சொற்களும்
கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றன.

திரும்பி வருகையில் எப்போதும் இரவாகிவிடும்.
சாவடிக்கு நூறு யார் முன்னால்
அப்பா பெரிய லைற்றை அணைப்பார்,
காருக்குள் இருந்த சின்ன லைற்றைப் போடுவார்.
அதுதான் ஒழுங்கு.
இருட்டில் நிற்கிறவர்கள் எங்களைப் பார்க்கவேண்டும்,
நாங்கள் அவர்களைப் பார்க்கக் கூடாது.
காடு மறைந்து, தெரு மறைந்து,
முன்கண்ணாடியில் ஐந்து முகங்கள் ஏறும்.
குகநேசன் வாய் திறந்தபடி நித்திரை.
அம்மாவின் மூக்குத்தி
எங்கேயும் இல்லாத ஒரு பட்டினம் போல.
அப்பாவுக்கும் பயம் வரும் என்பதை
அந்தக் கண்ணாடியில்தான் கண்டேன்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு
அவர் ஒரு கண்ணை மூடித் திறந்ததையும்.

எங்களிடம் படம் பிடிக்கும் பெட்டி இருக்கவில்லை.

இப்போது தெரு கறுத்து வழுவழுப்பாய்க் கிடக்கிறது.
ஹபரணையில் தேத்தண்ணி குடித்தால்
சூடு ஆறமுன் கந்தளாய் வந்துவிடும் போலிருக்கும்.
யாரும் எங்களை இறக்குவதில்லை.
என் மகள் ஆதிரைக்கு எட்டு வயது.
அவளுக்குச் சத்தியும் வருவதில்லை.
ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் மூன்று மொழியிலும்
எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்,
பிழை விட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

நேற்றிரவு, பழைய சாவடி இருந்த வளைவில்
என் கை தானாகவே போய்
உள்லைற்றைப் போட்டது.
"ஏன் அம்மா?"
"எல்லாரும் இருக்கிறோமா என்று பார்க்க."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.
விரல் நீட்டி எண்ணினாள்.
"இரண்டு பேர்தானே."

தொண்ணூற்றாறாம் கட்டை தாண்டும்வரை
அதை நான் அணைக்கவில்லை.