மழைக்காட்சி எடுத்த முக்கு

பெரியவர்களுக்கு நூற்றைம்பது.
செல்போனுக்குத் தனியாக முப்பது.
நாகமலைக்குப் பின்னால் ஒரு வறண்ட கண்மாய்க்குள்
மதுரையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.
நிஜ மதுரையிலிருந்து ரெண்டு பஸ் மாறிப்
பொய் மதுரைக்கு வந்து இறங்கினோம்
நானும் ஜெசிந்தாவும்.
படத்தை நான் பதினோரு தடவை, அவள் ஒன்பது.

சுற்றிக் காட்ட வந்தவர் ராயப்பன்.
லைட் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப் போனவர்.
பிரம்பால் கோபுரத்தைத் தட்டினார்,
பொத், பொத்.
"கெழக்குப் பக்கம் மட்டுந்தான் சாமி இருக்கும்.
மேக்க கேமரா போகலை."
மேற்கே போய்ப் பார்த்தோம்:
சவுக்குக் கம்பு, சணல் கயிறு,
யாரோ காயப்போட்ட கைலி.

"அம்மா" என்று கத்திக்கொண்டு அவன் நுழைவானே,
அந்த நீலக் கதவைத் தள்ளினேன்.
உள்ளே சீமைக்கருவேலம்.
"வீட்டுக்குள்ள நடந்ததெல்லாம் சென்னையிலக்கா."
வாசலில் ஒரு கால்,
அடுத்த கால் வைக்க
ஒரு மாசமும் நானூற்றைம்பது கிலோமீட்டரும் ஆகியிருக்கிறது.

ஏமாற்றமெல்லாம் இல்லை.
ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவள் நான்.
நகலில் எங்கே மை அப்பும், எந்த ஓரம் விழாது
எல்லாம் தெரியும்.
நகலைக் காட்டித்தானே ரேஷன் கார்டும் வாங்கினோம்.

கடைசியாக அந்த முக்கு.
செத்துப்போன தங்கச்சியின் ஒற்றைச் செருப்போடு
அவன் மழையில் நிற்கிற இடம்.
அங்கே தியேட்டரே மூக்கை உறிஞ்சும்.
மேலே ஓட்டை போட்ட குழாய்கள்.
கீழே, புழுதி அடக்க நிறுத்திய ஒரு லாரி.
"ராத்திரிக்கு எட்டு லோடு, ஆறு ராத்திரி.
போர் தண்ணின்னா முடி பிசுபிசுங்கும்னு
நல்ல தண்ணியே வேணும்னுட்டாரு ஹீரோ."

அந்த லாரியை எனக்குத் தெரியும்.
இடது மூலையில் நசுங்கல்.
குடிநீரில் 'டி' உதிர்ந்து 'குநீர்'.
ஒழுகுகிற வால்வைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி,
என் துப்பட்டா.
போன சித்திரையில், ஜெய்ஹிந்துபுரத்தில்,
வீணாகப் போகிறதே என்று நான்தான் கிழித்துக் கட்டினேன்.
அதற்குப் பிறகு பத்தொன்பது நாள்
லாரி எங்கள் தெருவுக்கு வரவில்லை.
மோட்டார் ரிப்பேர் என்றான் டிரைவர் பால்ச்சாமி.
குடங்கள் வரிசையாக உட்கார்ந்து வெயில் குடித்தன.
பக்கத்து வீட்டுப் பேச்சியோடு அன்றைக்கு அறுந்த பேச்சு
இன்னும் ஒட்டவில்லை.

நாற்பத்தெட்டு லோடு.
லோடுக்கு எண்ணூறு குடம்.
மனசுக்குள் பெருக்கிப் பாதியில் விட்டேன்.

கோபம் வந்தது.
கூடவே இன்னொன்றும் வந்தது, சொல்ல வெட்கம்:
என் குடத்துக்கு வரவேண்டியது
அவன் தலையில் விழுந்து
புருவத்தில் கொஞ்சம் நின்று
தாடையில் இறங்கிப் போயிருக்கிறது.
பதினோரு தடவை
அதைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறேன்,
யார் வீட்டுத் தண்ணீர் என்று தெரியாமல்.

ராயப்பன் அடுத்த கும்பலுக்குத் திரும்பியபோது
குனிந்து முடிச்சை அவிழ்த்தேன்.
என் முடிச்சுதான், கை மறக்கவில்லை.
சொட்டு. சொட்டு. பிறகு நூல் மாதிரி ஒழுக்கு.
கோபுரத்தின் சாமி இல்லாத பக்கத்திலிருந்து
ரெண்டு வெள்ளாடு வந்து
கண்மாய்க்குள் ஊறிய ஈரத்தை நக்கின.
"ஏய், யாரும்மா அது லாரிக்கிட்ட!"
ராயப்பன் கத்தினார்.
நாங்கள் நடையைக் கட்டினோம்.

பஸ்ஸில் ஜெசிந்தா வெகுநேரம் பேசவில்லை.
காளவாசல் தாண்டியதும் கேட்டாள்:
"வெள்ளிக்கிழமை புதுப்படம் வருது, வர்றியா?"
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித்
துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.
இன்னும் தண்ணீர் இருந்தது அதில்.

"எத்தனை மணி ஷோ?" என்றேன்.