வயதுச் சான்று

முதலில் சுவரை விட்டு நகர்த்தச் சொல்வேன்.
முகம் பொய் சொல்லும்.
முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஹோர்சென்ஸில் மழை பிடித்த காலை.
கெர்டா ராவ்ன் காபி தரவில்லை,
உட்காரவும் சொல்லவில்லை.
"என்ன விலைக்குப் போகும்? அதை மட்டும் சொல்."

தரையில் மல்லாந்து படுத்தேன், வாயில் டார்ச்.
திருகாணிகள் எல்லாம் ஒற்றைக் கோட்டுத் தலை,
ஒன்றுகூட மாற்றப்படவில்லை.
இழுப்பறையின் மூலைகளில் புறாவால் பொருத்து,
கையால் அறுத்தது, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம்.
உட்பக்கம் ஓக்.
பின்பலகையில் சூடுபோட்ட முத்திரை, பாதி தேய்ந்து.
தேக்கு என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.
எண்ணாயிரம் குரோனர் என்று மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

அடிவிளிம்பில் பிளேடால் ஒரு சீவல்.
நகத்தளவு.
மூக்கருகே கொண்டுபோனேன்:
மிளகு தூவிய ரோஜா.

பிரேசில் ஈட்டி.

முப்பதாயிரம் என்றேன், எழுந்து தூசி தட்டியபடி.
பிறகு கழித்தேன், அதுதானே என் தொழில்:
காபிக் கோப்பை விட்ட வட்டம் ஒன்று,
தொலைந்த சாவி,
மேற்பலகையின் இடது ஓரத்தில்
வெயில் படாத ஒரு கறுத்த செவ்வகம்.

"அங்கே ரேடியோ இருந்தது" என்றார்.
"அவர் போனபோது எடுத்துப் போனார்."
யார் என்று நான் கேட்கவில்லை.
அதற்கு விலைப்பட்டியலில் இடமில்லை.

வாங்குபவர் பால்டிமோரில் ஒரு பல் மருத்துவர்.
அந்த மரத்தை வெட்டத் தடை வந்து பல காலம்;
தடைக்கு முன்பே விழுந்த மரம் இது என்று
காகிதம் காட்டாமல் கடல் தாண்ட முடியாது.
ரசீது? வைலெவில் இருந்த கடையே இப்போது இல்லை.

கெர்டா தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி
ஒரு புகைப்படம் எடுத்தார்.
பாதிப் படம். கத்தரி நேராகப் போயிருந்தது.
அலமாரிமேல் கால் தொங்கப்போட்டு ஒரு பையன்,
பக்கத்தில் ரேடியோ,
ரேடியோமேல் மணிக்கட்டோடு நின்றுவிட்ட ஓர் ஆண் கை,
கடிகாரம் பத்தே காலைக் காட்ட.
பின்னால் பென்சிலில்: ஆகஸ்ட் 1965.

"இந்தக் கை இருந்தால் பரவாயில்லையா?"

அலுவலகத்துக்கு ஆறு வாரம் பிடித்தது.
மூலப்படம்தான் வேண்டும் என்றார்கள்.
இதுவும் அதுவும் ஒன்றுதானா என்றார்கள்.
மூன்றாம் கதவின் ரேகையில் ஆந்தை முகம் ஒன்று உண்டு,
பையனின் வலது முழங்காலுக்குக் கீழே;
அதற்கு அம்பு போட்டுக் காட்டினேன்.
கையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ப்ரெபென் கால்களைக் கழற்றி
உள்ளே சாக்கட்டியால் எண் போட்டான்.
கம்பளி, அட்டை மூலைகள், மறுபடி கம்பளி.
பெட்டி செய்த பைன் மரத்துக்கும் ஒரு சான்று,
சூடுகாட்டிப் பூச்சி கொன்றதென்று.
"நம்மைவிட மரத்துக்குத்தான் பாஸ்போர்ட் அதிகம்"
என்று சொல்லிச் சிரித்தான்.

கோப்பு திரும்பி வந்த மாலை கெர்டா கூப்பிட்டார்.
பணம் வந்ததா என்ற பேச்சே இல்லை.
"கை எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.
பையனை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பு."

கத்தரியை எடுத்தேன்.
படத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அவன் இடது கை பலகைமேல் ஊன்றியிருந்தது,
அதன் சுண்டுவிரல்
ரேடியோவுக்குப் பின்னால் போயிருந்தது.
எந்தப் பக்கம் வெட்டினாலும் ஏதோ ஒரு விரல் போகும்.

முழுதாகவே உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.
முழுது என்றால், அந்தப் பாதி.
அவர் பதில் எழுதவில்லை.

நவம்பரில் மருத்துவரிடமிருந்து கடிதம்.
வந்து சேர்ந்தது, கீறல் இல்லை, மனைவிக்குப் பிடித்திருக்கிறது.
ஒரே ஒரு கேள்வி:
மேலே கறுப்பாக ஒரு செவ்வகம் தெரிகிறதே,
எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?

எதையும் போடாதீர்கள்.
ஜன்னலோரம் வையுங்கள்,
மேலே ஒன்றும் வைக்காதீர்கள்
என்று எழுதினேன்.

எத்தனை வருடம் என்று மட்டும் எழுதவில்லை.