குடும்பப் பெயர்: கட்டாயம்

நான் மார்கழி என்பதை
எங்கள் அலுவலக உதவியாளர் தனு என்பார்.
காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.
கோபாலபுரம் சோதனைச்சாவடியில் நிற்காமல்
கொழிஞ்சாம்பாறை வரை வந்து
என் மேசையைக் கலைக்கிறது.

அயல்நாட்டுக் கல்வி ஆலோசகர்
என்று பலகை இருக்கிறது.
எல்லோருக்கும் டீச்சர்தான்.
நான் பாடம் எதுவும் நடத்துவதில்லை.
போன வருடம் ஒரு வாரம் முழுக்க
ஒரு கட்டத்தோடு மல்லுக்கட்டினேன்:
குடும்பப் பெயர், கட்டாயம்.

தில்ஷாத்துக்குக் குடும்பம் உண்டு.
லாரியில் தேங்காய் மட்டை ஏற்றும் அத்தா உண்டு.
முன்னால் ஒற்றை எழுத்து உண்டு.
கட்டத்தில் போட ஒன்றுமில்லை.
தார்த்துவுக்கு ஏழு மின்னஞ்சல் எழுதிப் பார்த்து
கடைசியில் அத்தாவையே நிரப்பி அனுப்பினோம்.
"இங்க எல்லாரும் என்னைக்
காஜாமைதீன்னு கூப்பிடுறாங்க மேடம்."
சிரித்தாள், அக்டோபரில்.

டிசம்பரில்
இரவு ஒன்றே காலுக்கு:
பதினோரு நாளா வகுப்புக்குப் போகல.
மூணரைக்கே இருட்டிடுது.
அத்தாவுக்குச் சொல்லாதீங்க.

வருகைப் பதிவு விதிகளின்படி என்று தொடங்கி
அழித்தேன்.
உன் விசா நிபந்தனை என்று தொடங்கி
அதையும்.
என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.
ரொட்டி, என்று வந்தது.
வெகுநேரம் கழித்து,
நேத்து.

அங்கே இன்னும் பத்து மணி ஆகவில்லை.
என்னைப் போலவே ஒரு மேசைக்காரி அங்கும் இருக்கிறாள், லீஸ்.
அவள் குரலை நான் கேட்டதில்லை.
என் அரைகுறை ஆங்கிலத்தில் அறை எண்ணை எழுதினேன்.
பனியில் நடந்துபோய்த் தட்டியிருக்கிறாள்.
திறந்துவிட்டாள்,
அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

காலையில் வாசலில் காஜாமைதீன்,
தலைமுடியெல்லாம் நார்த்தூள்.
"டீச்சரே, மக நாலு நாளா போன எடுக்கல."

அவளுக்கு வயது இருபத்திரண்டு.
அவள் கோப்பு அவளுடையது.
இதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு
நான்தான் சொல்லித் தருகிறேன்.

"ராத்திரி என்கூடப் பேசினா" என்றேன்.
பொய் இல்லை.
ஒரு காகிதம் பறந்து விழுந்தது.
குனிந்து எடுக்க
எனக்கு நிறைய நேரம் பிடித்தது.

அவர் போகவில்லை.
"அங்க இப்ப வெயில் உண்டா?"

இல்லை என்றேன்.

நிலவரி ரசீது, வங்கிக் கணக்கு, ஜாமீன் பத்திரம்,
முப்பத்தொரு இடத்தில் கையெழுத்துப் போட்டவர்
விரலை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு ஃபாரத்துலயும் இதைப் போடலையே டீச்சரே."