மூன்றாம் தரப்பு

இரண்டு பட்டம், ஒரே கல்விக்கடன்.
பொருளியல் கட்டடத்திலிருந்து கல்வியியல் கட்டடத்துக்குப்
பதினோரு நிமிட நடை,
மழையென்றால் ஒன்பது.
அங்கே சொல்வார்கள்:
"மனிதர் பகுத்தறிவோடு நடப்பார் என்று கொள்வோம்."
இங்கே சொல்வார்கள்:
"மாணவரைப் பற்றி முன்கூட்டி எதையும் கொள்ளாதே."
நாலு வருஷம் இரண்டுக்கும் தலையாட்டினேன்.
நடுவழியில் காப்பி வண்டி வைத்திருந்த ஸ்டெலியோஸ் மட்டும்
"இப்ப நீ யாரு?" என்று கேட்டுக்
கோப்பையில் எழுதுவான்.
"தாமதம்" என்று எழுதச் சொல்வேன்.

பயிற்சிக்கு அனுப்பிய ஊர்
ஸ்பென்சர் வளைகுடாவின் தலைமாட்டில்.
ஈயம் உருக்கும் ஊர்.
எந்தச் சன்னலில் நின்றாலும்
புகைபோக்கி அந்தச் சன்னலுக்காகவே கட்டியதுபோல் இருக்கும்.

பதினோராம் வகுப்பு. புதன்கிழமை, கடைசிப் பாடவேளை.
இருபத்திரண்டு பேர், ஒற்றை மின்விசிறி.
பாடம்: புறவிளைவுகள்.
நிமிடவாரியாகத் திட்டம் வைத்திருந்தேன்,
மூன்று நிற மையில்.

பலகையில் ஓர் ஆலை வரைந்தேன்,
புத்தகத்தில் இருந்தபடியே.
பெட்டி, பெட்டிமேல் குழாய், குழாய்மேல் சுருள்.
"விற்பவர் ஒரு தரப்பு, வாங்குபவர் ஒரு தரப்பு.
பேரத்தில் இல்லாமலே விலை கொடுப்பவர்
மூன்றாம் தரப்பு."
யாரும் எழுதவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
எல்லாத் தலையும் திரும்பியிருந்த பக்கம்
நானும் திரும்பினேன்.

அங்கே அது
என்னைவிட நன்றாக வரையப்பட்டிருந்தது.

"மிஸ், நான் எந்தத் தரப்பு?"
மோர்வென் ட்ரெஸைஸ். இரண்டாம் வரிசை.
அதுவரை அவள் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.
"அப்பா உலையில நைட் ஷிஃப்ட்.
தம்பி விரல்ல ஆறு மாசத்துக்கொரு தடவை குத்தி
ஒரு நம்பர் சொல்றாங்க.
அம்மா அந்த நம்பரை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைக்கிறாங்க.
அந்த ஃபிரிட்ஜும் அப்பா சம்பளம்.
இந்த ஷூவும்."
காலை மேசைக்கு வெளியே நீட்டிக் காட்டினாள்.

ஒரு பட்டம் உடனே கையைத் தூக்கியது:
இறுதிநிலைச் சேதம், அதற்கு ஈடான வரி,
இரண்டு கோடு வெட்டும் புள்ளி.
மறு பட்டம் என் சட்டையைப் பிடித்து இழுத்தது:
கேள்வி வந்தால் மூன்று நொடி பொறு.
எண்ணினேன்.
மூன்று போனது. ஏழு போனது.
பன்னிரண்டில் நிக்கோலோ கத்தினான்:
"மூடிட்டா எங்க போறதாம்?"
"மூடுன்னு யாருடா சொன்னா?"
"அவ சொல்றா."
"நான் கேட்டேன். சொல்லல."

அவளிடம் பேனாவைக் கொடுத்தேன்.
அது முறையா, தப்பித்தலா,
இன்றைக்கும் நிச்சயமில்லை.
அவள் சுருளைத் தொடவில்லை.
பெட்டிக்குள்ளே ஒரு வீடு வரைந்தாள்,
அதற்குக் கொல்லையில் துணிக்கொடி,
கொடியில் ஒரு சின்னச் சட்டை.
மணி அடித்தது.
நான் கேட்க வைத்திருந்த மதிப்பீட்டு வினா
நீல மையிலேயே கிடந்தது.

பின்வரிசையில் இருந்து என்னைக் கவனித்த ஹாலரன்
படிவத்தில் எழுதியிருந்தார்:
குரல், போதுமானது.
இரண்டாம் நோக்கம் எட்டப்படவில்லை.
நேர நிர்வாகம், கவனிக்க.
எல்லாமே சரி. கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் நானும் இங்கே வாடகைக்காரி.
அன்றிரவு சன்னல் விளிம்பை
ஈரத்துணியால் ஒருமுறை இழுத்துத் துடைத்தேன்.
துணியில் விரலகலத்துக்குச் சாம்பல்நிறக் கோடு.
வாளியில் அலசிவிட்டு,
அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவா,
தெருவில் ஊற்றவா,
வீட்டுக்காரரின் எலுமிச்சை வேரில் ஊற்றவா என்று
வாளியோடு
வெகுநேரம் நின்றேன்.