ரீடிங் எடுக்கப் போனவள்

மாறிலி எழுதிய ‘உப்புக்கோள்’ நாவலில்
நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ஒருத்தி வருவாள்,
பேச்சி என்று பெயர்.
கப்பலின் ஏழாம் தளத்தில்
காற்று மீட்டர்களைப் பார்த்துக் குறிப்பது வேலை,
யார் யார் எவ்வளவு மூச்சு வாங்கினார்கள் என்று.
மூன்று பக்கம்தான்.
பேச்சி என்று பேர் வைத்துவிட்டு
ஒரு வார்த்தை பேச விடவில்லை மனுஷன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
பதினோராம் நடைக்குள் போவாள்.
அத்தோடு சரி.

கப்பல் உப்புக்கோளில் இறங்கும்.
தலைவனுக்குக் கல்யாணம் ஆகும்.
இரண்டு சூரியனும் ஒன்றாக மறையும்.
பேச்சி திரும்பி வந்தாளா என்று
அந்தக் கப்பலில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஞானஒளிவுபுரத்து வாடகைப் புத்தகக் கடையில்
நாளுக்கு எழுபத்தைந்து காசுக்கு எடுத்தேன்,
பதினொன்றாம் வகுப்பில்.
கடைசிப் பகுதியில் எட்டுத் தாள் கிழிந்திருந்தது.
அந்த எட்டுத் தாளில் அவள் வந்திருப்பாள் என்று
ஆறு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.
பிறகு புதுமண்டபத்தில் ஒரு முழுப்பிரதி கிடைத்தது.
தையல் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே
நின்றபடியே புரட்டினேன்.
எட்டுத் தாளும் கல்யாண விருந்து.
அப்பளம் வரைக்கும் எழுதியிருந்தார்.

இப்போது நானும் மீட்டர் பார்க்கிறேன்,
மின்வாரியத்தில், வில்லாபுரம் பக்கம்.
அதனால்தானா என்று கேட்காதீர்கள்.
பரீட்சை எழுதச் சொன்னது அப்பா.
ஆனால் மே மாத மதியத்தில்
மாடிப்படிக்கு அடியில் குனிந்து
ஒட்டடையை விலக்கி எண்ணைப் படிக்கையில்
காலுக்குக் கீழே தரை லேசாக மிதக்கும்.
உள்ளிருந்து “யாரு?” என்பார்கள்.
“ஈபி” என்பேன்.
வேறொன்று சொல்ல வாய் வரைக்கும் வந்திருக்கிறது.

பதினேழு நாவலும் இருக்கிறது என்னிடம்.
‘நிழலின் எடை’ மட்டும் இரண்டு பிரதி,
ஒன்று படிக்க, ஒன்று யாருக்கும் தராமலிருக்க.
“இந்தாளு ஒனக்கு என்ன வேணும்?” என்றார்
கல்யாணமான புதிதில் ஆரோக்கியம்.
சித்தப்பா முறை என்றேன். நம்பினார்,
ஒரு வாரம்.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா.
எனக்கு முன்னால் பதினாலு பேர்.
மாறிலிக்குக் கை நடுங்குகிறது,
பேனா மூடி கீழே விழ விழ ஒரு பையன் எடுத்துக் கொடுக்கிறான்.
“பேரு?”
“ஜெசிந்தா. சார், பேச்சி என்ன ஆனா?”
“எந்தப் பேச்சி?”
பக்கத்தை விரித்து வைத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூன்று பக்கமும் படித்தார்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
“பரவால்ல, நல்லா எழுதியிருக்கானே” என்றார்,
யாரோ எழுதியது போல.
“வாராவாரம் தொடர்மா. வியாழக்கிழமை அனுப்பணும்,
வெள்ளிக்கிழமை மறந்துரும்.
நீங்கதான் சொல்லுங்களேன், என்ன ஆனா?”

தெரியும் எனக்கு.
இருபத்து நாலு வருஷமாகத் தெரியும்.
பதினோராம் நடையில் எந்த மீட்டரின் முள் துடித்தது,
பயணிகள் பட்டியலில் இல்லாத எந்தக் குழந்தையின் மூச்சை
அவள் ஏட்டில் ஏற்றாமல் விட்டாள்,
டார்ச்சை ஏன் அவளே அணைத்தாள்.
தொண்டையில் நின்றது எல்லாம்.
ஒருமுறை தொலைத்தவரிடம்
திரும்ப எப்படிக் கொடுப்பது?
“தெரியல சார்” என்றேன்.
சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.
என் பெயரில் ‘சி’க்கு ‘ஸி’ போட்டிருந்தார்.

கோபமில்லை.
அடுத்த நாவல் வந்தால் முதல் நாளே வாங்குவேன்.

இரவு கோரிப்பாளையம் தாண்டி
பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.
வைகையில் தண்ணீர் இல்லை.
மணலில் யாரோ டார்ச் அடித்து
எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து
நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்,
ஆள் இல்லாத வீட்டுக்கு நாங்கள் எழுதுவதுபோல்:
கதவு பூட்டு. மறுபடி வர வேண்டும்.