மண்டபத்துத் திறப்பு

திருநாள் முடிந்த மூன்றாம் நாள்
பங்குச்சுவாமி கணக்குக் கொப்பியைத் தந்தார்.
"பிறதர், மூண்டு வருசம் தத்துவம் படிச்சனீர்தானே,
கூட்டிப் பாரும்."

மிசன்வீட்டு மேசையில்
கல்குலேற்றரும் செபப்புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில்.
வலைப்பாட்டுக் கடற்காற்று
செபப்புத்தகத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தது.

ரொறன்ரோவிலிருந்து மணிக்கோபுரத்துக்கு ஆறு லட்சம்.
(பெயர் கறுப்புக் கல்லில் வரவேண்டும்,
எழுத்து இரண்டு அங்குலம் உயரம் வேண்டும்.)
நண்டுக் கம்பனி, மேளச் செலவுக்கு, பத்தாயிரம்.
எமலியானா, நேர்த்தி, இரண்டாயிரம்.
மண்டப வாடகை, திங்கட்கிழமைகள், மாதம் மூவாயிரம்.

கடைசி வரியில் பேனை நின்றது.

திங்கட்கிழமைகளில் வவுனியாவிலிருந்து ஒரு பெடியன் வருவான்,
கழுத்துப்பட்டி, முதுகுப்பை, புழுதி மூடிய மோட்டார் சைக்கிள்.
பதினொரு பெண்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில் வட்டமாக.
ஒருத்திக்கு இல்லையென்றால் பத்துப்பேர் போடவேண்டும்,
தொகை நிறையும்வரை யாரும் எழும்பக்கூடாது.
ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கும் சபை பற்றி
நான் பதினாறு பக்கக் கட்டுரை எழுதியவன்.
அதில் தவணை என்ற சொல்லே இல்லை.

சுவாமியிடம் கேட்டேன்.
"அந்த மூவாயிரத்திலதான் முன்பள்ளி ரீச்சருக்குக் குடுக்கிறன்.
கோபுரக் காசைத் தொடேலாது. அது கோபுரத்துக்கு."
வலது காதை என் பக்கம் திருப்பித்தான் பேசினார்.
இடது காதில் இரைச்சல்.
எந்த வருசத்து இரைச்சல் என்று
இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

குருமடத்தில் கிரேக்கம் படிப்பித்த பாதர்
ஒருநாள் கரும்பலகையில் ஒரு சொல் எழுதினார்.
"கடன்," என்றார். "காசுக்கடன்.
பரலோக மந்திரத்தில் மத்தேயு எழுதினது இதைத்தான்.
நாங்கள் பாவம் எண்டு சொல்லிப் பழகிப்போனம்."
பாவத்தைப் பொறுப்பது இலேசு, அதற்கு வட்டி இல்லை.
மதிய மணி அடித்தது.
சொல்லைப் பலகையிலேயே விட்டுவிட்டு
பருப்பும் சோறும் சாப்பிடப் போனோம்.

என் கணக்கையும் எழுதவேண்டும்.
ஆயரில்லத்திலிருந்து மாதம் நாலாயிரம்,
டேற்றா காட், சவர்க்காரம், சவரத்தகடு.
ஞாயிறுகளில் எமலியானா அக்கா கொண்டுவரும் நண்டு.
"கம்பனி கழிச்சது பிறதர், ஒரு கால் இல்லை" என்பா.
போன கிழமை எண்ணிப் பார்த்தேன்.
எல்லாக் காலும் இருந்தன.
சாப்பிட்டேன்.

அந்த ஞாயிறு செபத்தை நான் தொடங்கிவைத்தேன்.
பாவம் வருமிடத்தில்
கடன் என்று வாய் சொல்லிற்று.
முந்நூறு குரல்கள் என் குரலின் மேலால் நடந்து போயின.
நான்காம் வரிசையில் எமலியானா அக்கா மட்டும்
கண்ணைத் திறந்து, பிறகு மூடினா.

திங்கட்கிழமை.
பெடியன் வந்து திறப்புக் கேட்டான்.
"காணேல்லை" என்றேன்.
என் நீளங்கியின் பைக்குள்
அது தொடையோடு கிடந்தது.

அவன் கோபிக்கவில்லை.
தலைக்கவசத்தைக் கழற்றி, கோவில் பக்கம் திரும்பிச்
சிலுவை போட்டுக்கொண்டான்.
கொப்பியை சைக்கிள் இருக்கையில் விரித்தான்.
முற்றத்து உடைமர நிழல் நாலுபேருக்குத்தான் காணும்,
மற்ற ஏழுபேர் மணலில், வெயிலில்,
மடித்த தாள்களைக் கையில் பிடித்தபடி.
அன்று ஜசிந்தாவுக்குக் குறைந்தது.
எண்ணூறு.
பத்துப்பேரும் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்கள்.
எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது,
மண்டபத்தில் முடிவதைப்போலவே.

பொய் சொன்னேன் என்று
சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன்.
மிச்சத்தை எந்தக் கட்டளைக்குக் கீழே
சொல்வதென்று தெரியவில்லை.

போகும்போது எமலியானா அக்கா
மிசன்வீட்டு வாசலில் நின்று
சேலைத்தலைப்பால் கழுத்தைத் துடைத்தா.
"பிறதர், அடுத்த கிழமைக்கெண்டாலும்
திறப்பைத் தேடி வையுங்கோ.
சரியான வெயில்."